எந்த நாட்டுக் கணினிப் படிப்பு உசத்தி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து பொறியியல் கலந்தாய்வு முடியும் வரை, தண்டையார்பேட்டையில் நான் மாலை வகுப்பு எடுக்கும் அறைக்குப் பெற்றோரும் பிள்ளைகளும் வந்துகொண்டே இருப்பார்கள். காசிமேடு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருபவர்கள். அவர்களில் பலருடைய வீட்டில் கல்லூரிப் படியேறப் போகும் முதல் ஆள் அந்தப் பிள்ளைதான். "கம்ப்யூட்டர் சயின்ஸ் எங்கே சேர்க்கலாம்" என்று தொடங்கும் பேச்சு, ஐந்து நிமிடத்தில் "அமெரிக்காவில் அப்படியாமே, ஜெர்மனியில் இலவசமாமே" என்று கடல் தாண்டிவிடும். பத்தாண்டுகளுக்கு மேல் பொறியியல் கல்லூரிகளில் இந்தப் பாடத்தைக் கற்பித்தவன் என்ற முறையில், திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த நாட்டில் கணினி அறிவியல் நன்றாகக் கற்பிக்கப்படுகிறது?

ஆளாளுக்கு ஒரு கருத்து வைத்திருக்கிறார்களே தவிர, இதை நேரடியாக அளந்து பார்த்தவர்கள் குறைவு. அளந்தவற்றுள் முக்கியமானது 2019இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிரசாந்த் லோயல்காவும் அவருடைய குழுவினரும், அமெரிக்கா, சீனா, இந்தியா, ரஷ்யா ஆகிய நான்கு நாடுகளின் கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவர்கள் ஒரே தேர்வில் எடுத்த மதிப்பெண்களை ஒப்பிட்டார்கள். ஜிஆர்இ, டோஃபல் தேர்வுகளை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனம் தயாரித்த இரண்டு மணி நேரத் தேர்வு அது. அல்காரிதம், புரோகிராமிங், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ் என்று நம் கல்லூரிகளிலும் நடத்தப்படும் பாடங்களிலிருந்துதான் கேள்விகள்.

அமெரிக்க மாணவர்கள் மற்ற மூன்று நாட்டு மாணவர்களையும்விட 0.76 முதல் 0.88 திட்ட விலக்கம் வரை முன்னே இருந்தார்கள். சீனா, இந்தியா, ரஷ்யா ஆகிய மூன்றுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் இந்தக் கட்டுரையில் என்னை நிறுத்திப் படிக்க வைத்தது வேறொரு வரி: இந்த மூன்று நாடுகளின் முதல்தர நிறுவனங்களில் படித்தவர்கள் எடுத்த மதிப்பெண், அமெரிக்காவின் சாதாரணக் கல்லூரிகளில் படித்தவர்களின் மதிப்பெண்ணோடு ஏறத்தாழச் சமமாக இருந்தது. இங்கே முதல் வரிசை என்று நாம் கொண்டாடுவது அங்கே நடு வரிசையாக இருக்கிறது என்று இதற்குப் பொருள். நம் முதல் வரிசைக்கும் நம்முடைய மற்ற கல்லூரிகளுக்கும் நடுவே ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது என்பதும் இதே வரியில் அடங்கியிருக்கிறது. பிள்ளையை இங்கேதான் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், உங்களுக்கு உதவக்கூடியது இந்த இரண்டாவது செய்திதான்.

திட்ட விலக்கம் என்றால் புரியவில்லை. அமெரிக்கர்கள் எல்லாரும் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்கிறீர்களா?

இல்லை. மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிச் சிதறியிருக்கின்றன என்பதன் அளவுதான் திட்ட விலக்கம். இந்திய மாணவர்கள் நூறு பேரை மதிப்பெண் ஏறு வரிசையில் நிற்க வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். 0.8 திட்ட விலக்கம் என்றால், அமெரிக்காவின் நடுத்தர மாணவர் ஒருவர் அந்த வரிசையில் ஏறத்தாழ 79ஆவது இடத்தில் போய் நிற்பார். அதாவது நம் ஆட்கள் இருபது பேர் அப்போதும் அவருக்கு முன்னால் நிற்பார்கள். சராசரியைப் பற்றிய பேச்சை ஒரு தனிப் பிள்ளையின் தலையெழுத்தாக வாசிக்கக் கூடாது.

அந்த ஆய்வை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஓரளவு நம்பலாம்; கண்ணை மூடிக்கொண்டு அல்ல. அமெரிக்காவில் 6,847 மாணவர்களின் மதிப்பெண்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. சீனாவில் 678, ரஷ்யாவில் 551, இந்தியாவில் 364. நம் நாட்டில் ஆண்டுதோறும் கணினிப் பட்டம் பெறுபவர்களின் கூட்டத்தை நினைத்தால் 364 பேர் ஒரு கைப்பிடிதான். கைப்பிடி சோற்றை வைத்துப் பானையைப் பதம் பார்க்கலாம் என்பது உண்மையே, ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து அள்ளினார்கள் என்பதையும் கேட்க வேண்டும். மேலும் இது சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகைத் தேர்வு. நாலு பேரோடு சேர்ந்து ஆறு மாதம் ஒரு மென்பொருளைக் கட்டி எழுப்பும் திறமையை இது அளக்கவில்லை. இவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும், இவ்வளவு பெரிய வேறுபாட்டை மாதிரியின் குறை என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது என்பது என் கருத்து.

நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே போய்ப் படிப்பதால்தான் அமெரிக்காவின் மதிப்பெண் உயர்ந்து தெரிகிறதா?

ஆய்வாளர்களுக்கும் இந்தச் சந்தேகம் எழுந்திருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களால் வந்த முன்னிலை அல்ல இது என்பதே அவர்கள் கண்டது.

அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? பாடத்திட்டம் ஒன்றுதானே?

தலைப்புகள் ஒன்றுதான். அமெரிக்கப் பாடத்திட்டத்தையும் அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதிக்கு மேல் ஒரே சொற்கள்தான் இருக்கும். காரணத்தை மேற்சொன்ன ஆய்வு தீர்த்துச் சொல்லவில்லை; பின்வருவது வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் என் தீர்மானம்.

கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, ஒரு மாலை தன்னுடைய டேட்டா ஸ்ட்ரக்சர் ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்தாள். பிரவுன் அட்டை போட்டு, கோடு போட்ட வலப்பக்கத்தில் நீல மையில் நோக்கம், அல்காரிதம், புரோகிராம். கோடில்லாத இடப்பக்கத்தில் பென்சிலில் அவுட்புட். ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் "புரோகிராம் வெற்றிகரமாக இயக்கப்பட்டு அவுட்புட் சரிபார்க்கப்பட்டது" என்ற அந்தப் புகழ்பெற்ற ஆங்கில வரி, அதன் கீழே சிவப்பு மையில் ஆசிரியரின் கையெழுத்து. நோடு என்னும் கண்ணிகளைச் சங்கிலியாகக் கோத்து வைக்கும் லிங்க்டு லிஸ்ட் பயிற்சியைப் புரட்டி, "பட்டியலில் ஒரே ஒரு நோடு இருக்கும்போது அதை நீக்கினால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. நோட்டில் இருந்ததை அப்படியே லேப்டாப்பில் அடித்து ஓட்டினோம். நீக்கியபின் பட்டியலை அச்சிடச் சொன்னதும் புரோகிராம் விழுந்துவிட்டது. பட்டியலின் தொடக்கத்தைக் காட்டும் பாயின்டரான தலைச் சுட்டி, விடுவிக்கப்பட்ட நினைவகத்தையே இன்னும் காட்டிக்கொண்டிருந்தது. மூத்த மாணவர்களின் நோட்டிலிருந்து இவள் எழுதியது, அவர்கள் அவர்களுக்கு மூத்தவர்களிடமிருந்து எழுதியது. எத்தனை ஆண்டாக இந்தப் பிழை கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறதோ! அவள் பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் கட்டம் கட்டமாக வரைந்து, அம்புக்குறிகளை அடித்து அடித்துத் திருத்தி, ஏழரை மணிக்குச் சரிசெய்தாள். அந்த ஒன்றரை மணி நேரம்தான் கணினிக் கல்வி. அது கல்லூரிக்குள் நடக்காமல் தண்டையார்பேட்டையில் நடந்தது என்பதுதான் குறை.

இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆபரேட்டிங் சிஸ்டம் ஆய்வகம் என்றால் நம் பெரும்பாலான கல்லூரிகளில் எந்த வேலையை எப்போது இயக்குவது என்று வரிசைப்படுத்தும் ரவுண்டு ராபின் முதலிய முறைகள், பேங்கர்ஸ் அல்காரிதம், பேஜ் மாற்றும் முறைகள் ஆகியவற்றைத் தனித்தனிச் சிறு சி புரோகிராம்களாகப் போலச் செய்து காட்டுவார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எக்ஸ்வி6 என்ற சிறிய, ஆனால் உண்மையாகவே இயங்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாணவர் கையில் கொடுத்து, அதற்குள் புதிய சிஸ்டம் கால் (புரோகிராம் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் உதவி கேட்கும் வழி) ஒன்றைச் சேர்க்கவும், நினைவகத்தைப் பங்கிடும் முறையை மாற்றவும் சொல்கிறார்கள். ஒரு வரி தவறினால் மொத்தமும் நின்றுபோகும்; ஏன் நின்றது என்று மாணவரே தேடியாக வேண்டும். எழுதியது சரியா என்று சோதிக்கும் நிரல்களும் கூடவே வருகின்றன. அந்தப் பயிற்சிகளை எம்.ஐ.டி. இணையத்தில் பொதுவில் வைத்திருக்கிறது; மும்பை ஐஐடியிலும் எக்ஸ்வி6 வைத்துக் கற்பித்திருக்கிறார்கள். ஆகவே இது டாலர் கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு அல்ல. அறுபது பேரின் நிரலைப் படித்துத் திருத்தம் சொல்ல ஆசிரியருக்கு நேரமும் பயிற்சியும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2018இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, ஓர் ஆசிரியருக்கு 15 மாணவர் என்றிருந்த விகிதத்தை 20 என்று தளர்த்தியது.

தேர்வு முறைக்கும் இதில் பங்குண்டு. இரண்டு மதிப்பெண் கேள்வி பத்து, பதின்மூன்று மதிப்பெண் கேள்வி ஐந்து, பதினைந்து மதிப்பெண் கேள்வி ஒன்று என்ற அண்ணா பல்கலைக்கழகத்தின் நூறு மதிப்பெண் தாளைப் பழைய கேள்வித்தாள்களை வைத்துக்கொண்டு கடந்துவிடலாம் என்பது ஸ்டடி லீவில் உட்கார்ந்த எல்லாருக்கும் தெரியும்.

நான்கு ஆண்டுக் கல்லூரி வாழ்வில் பிள்ளைகளுக்கு என்னதான் வளர்கிறது?

மேற்சொன்ன குழுவினர் இதையும் தொடர்ந்து ஆராய்ந்து, 2021இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் வெளியிட்டார்கள். இதே நான்கு நாடுகளில், கணினி அறிவியலும் மின் பொறியியலும் படிக்கும் பல்லாயிரம் மாணவர்களின் திறன்களைப் படிப்பின் வெவ்வேறு கட்டங்களில் அளந்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் கணிதம், இயற்பியல் ஆகிய பாடத் திறன்களில் இந்திய மாணவர்களும் ரஷ்ய மாணவர்களும் முன்னேறினார்கள். சீன மாணவர்கள் முன்னேறவில்லை. எதையும் ஆராய்ந்து, கேள்வி கேட்டுத் தீர்மானிக்கும் திறன், அமெரிக்க மாணவர்களுக்கு மாறாக, மற்ற மூன்று நாட்டு மாணவர்களிடமும் நான்கு ஆண்டுகளில் வளரவே இல்லை. நம் கல்லூரிகள் ஒன்றுமே கற்பிப்பதில்லை என்ற வசையும் தவறு, எல்லாம் சரியாக இருக்கிறது என்ற விளம்பரப் பலகையும் தவறு என்று இதை நான் வாசிக்கிறேன்.

நிரலாக்கப் போட்டிகளில் ரஷ்யர்கள்தானே வெல்கிறார்கள்? அவர்கள் படிப்பு எப்படி நமக்குச் சமமாகும்?

நல்ல கேள்வி, போன ஆண்டு பெரம்பூரிலிருந்து வந்த ஒரு பிளஸ் ஒன் மாணவன் கேட்டது. கல்லூரி மாணவர்களுக்கான உலக நிரலாக்கப் போட்டியான ஐசிபிசியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஐடிஎம்ஓ பல்கலைக்கழகம் 2004 முதல் 2017 வரை ஏழு முறை முதலிடம் பிடித்தது. 2018, 2019 இரண்டிலும் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகம். ஆனால் ஓர் அணிக்கு மூன்றே பேர். பள்ளியிலேயே கணிதத்தில் பொறுக்கியெடுத்து வளர்க்கப்பட்ட மூவர் கோப்பை வாங்குவதும், ஒரு நாட்டின் சராசரி மாணவர் இறுதியாண்டில் எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதும் வேறு வேறு. காசிமேட்டுப் பிள்ளைகளில் மூன்று பேர் கேரம் சாம்பியன் ஆவதால் தெருவெல்லாம் கேரம் தெரிந்ததாகிவிடாது, இங்கே பெரும்பாலும் தெரியும் என்றாலும்கூட.

உலகத் தரவரிசைப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யலாமா?

க்யூஎஸ் பாடவாரிப் பட்டியல் பேராசிரியர்களிடையே உள்ள நற்பெயர், வேலை கொடுப்போரிடையே உள்ள நற்பெயர், ஆய்வுக் கட்டுரைகள் மேற்கோள் காட்டப்படும் அளவு ஆகியவற்றை வைத்துப் போடப்படுகிறது. சிஎஸ் ரேங்கிங்ஸ் என்ற பட்டியல் முன்னணி ஆய்வு மாநாடுகளில் பேராசிரியர்கள் வெளியிட்ட கட்டுரைகளை எண்ணுகிறது. முனைவர் பட்டத்துக்குப் போகிறவருக்கு இவை பயன்படும். முதலாண்டில் உங்கள் மகளுக்குப் பாயின்டரை யார் சொல்லிக்கொடுப்பார், எப்படிச் சொல்லிக்கொடுப்பார் என்பது இரண்டிலும் இல்லை.

கல்லூரி வாசலில் என்பிஏ, நாக் என்று பலகை வைத்திருக்கிறார்களே, வெளிநாட்டில் செல்லுமா?

இரண்டும் வேறு. நாக் என்பது கல்லூரி முழுமைக்குமான மதிப்பீடு. என்பிஏ என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்படுவது. மெக்கானிக்கலுக்கு வாங்கிய பலகையின் கீழ் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கை நடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டு ஏற்பைப் பொறுத்தவரை முக்கியமானது வாஷிங்டன் உடன்படிக்கை. 1989இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து ஆகிய ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள், தங்கள் பட்டங்களைச் சமமாக ஏற்றுக்கொள்வதற்காகச் செய்துகொண்டது அது. இந்தியாவின் சார்பில் என்பிஏ 2014 ஜூனில் நிரந்தர உறுப்பினரானது. ஆனால் என்பிஏவில் டயர் 1, டயர் 2 என்று இரண்டு வகை உண்டு. பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் விண்ணப்பிக்கும் டயர் 1 அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டுமே இந்த உடன்படிக்கையின் பயன் கிடைக்கும். "என்பிஏ இருக்கிறது சார்" என்று சேர்க்கை அலுவலகத்தில் சொன்னால், எந்தப் படிப்புக்கு, எந்த டயர், எந்த ஆண்டு வரை என்ற மூன்றையும் கேளுங்கள். என்பிஏ இணையதளத்தில் தேடியும் சரிபார்க்கலாம்.

எங்கள் மகன் தமிழ் வழியில் படித்தவன். சீனாவிலும் ரஷ்யாவிலும் தாய்மொழியில் படிக்கிறார்களே, நாம் அதனால்தான் பின்தங்குகிறோமா?

மொழி மட்டும் காரணமாக இருந்தால், தாய்மொழியில் படித்த சீன, ரஷ்ய மாணவர்கள் நம்மைவிட நன்கு முன்னே போயிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை என்பதை மேலே பார்த்தோம். ஆனால் இது நாடுகளின் கணக்கு. முதல் செமஸ்டரில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, "இட்டரேஷன்" என்ற சொல் புரியாமல் பாடமே புரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும் பையனின் கணக்கு வேறு. திரும்பத் திரும்பச் செய்வது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அவன் எழுதும் லூப், ஆங்கில வழியில் வந்தவன் எழுதுவதற்குக் குறைந்ததல்ல. மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் இருக்கிறது. கணினி அறிவியல் பிரிவை எடுத்த பிள்ளைக்கு அடித்தளம் தமிழிலேயே விழுந்திருக்கும். கல்லூரி தொடங்கும் முன் அந்தப் பாடநூலின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பு எந்த நாட்டில் சாதகம்?

அமெரிக்காவில் கணினி அறிவியல் இளநிலைப் பட்டம் பெறுவோரில் பெண்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். நான் கற்பித்த வகுப்புகளில் பாதிக்குக் குறைந்ததே இல்லை. இந்த ஒன்றில் நாம் அவர்களுக்குப் பாடம் எடுக்கலாம். எனினும் 2019 ஆய்வில் நான்கு நாடுகளிலுமே ஆண்கள் ஓரளவு கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தார்கள். காரணத்தை நான் பெரிதாகத் தேட வேண்டியதில்லை: கல்லூரி முடிந்ததும் பையன் லேப்டாப்பைத் திறக்கும் நேரத்தில் பெண் பிள்ளை தண்ணீர் லாரி வந்ததா என்று பார்க்கப் போகிறாள். வீட்டில் உட்கார இடம் இல்லாவிட்டால், கொளத்தூரில் 2024இல் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் போன்ற இடங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விட்டவர்களை இன்னும் பார்க்கிறேன்.

ஜெர்மனியில் படிப்பு இலவசமாமே?

கல்விக் கட்டணம் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இல்லை என்பது சரி. எல்லா இடத்திலும் அல்ல: பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசாவுக்காக ஓராண்டு வாழ்க்கைச் செலவை முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுன்ட்) போட வேண்டும். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த தொகை 11,904 யூரோ. நம் கணக்கில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். ஏபிஎஸ் என்ற சான்றிதழ் சரிபார்ப்பும் கட்டாயம். இளநிலைப் படிப்பு பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். பிளஸ் டூ சான்றிதழ் மட்டும் வைத்துக்கொண்டு நேராகச் சேர்வதும் பொதுவாக முடியாது. ஆகவே நம் பிள்ளைகள் முதுநிலைக்குத்தான் போகிறார்கள். அங்கே மதிப்பெண்ணைத் தலைகீழாகக் கணக்கிடுவார்கள்: ஒன்றுதான் மிக உயர்வு. பத்துக்கு எட்டு சிஜிபிஏ, தேர்ச்சி எல்லை ஐந்து என்றால், அவர்கள் சூத்திரப்படி 2.2 வரும்.

மூன்றாண்டு பி.எஸ்சி. படித்தால் வெளிநாட்டில் மதிப்பு குறைவா?

பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இளநிலைப் பட்டமே மூன்றாண்டுதான். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் நான்காண்டு எதிர்பார்க்கின்றன. இங்கே இரண்டாண்டு எம்.சி.ஏ. முடித்தால் அந்தக் குறை தீரும். தியாகராயா கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்துவிட்டோமே என்று யாரும் மனம் உடைய வேண்டாம். கூடவே சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழி பி.எஸ். படிப்பையும் பார்க்கலாம், ஜேஇஇ தேவையில்லை, குடும்ப வருமானத்துக்கேற்பக் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால் அதன் வாராந்தரப் பயிற்சிகளை விடாமல் செய்ய வேண்டும். அதில் சேர்ந்து பாதியில் நின்றவர்களும் என் அறைக்கு வருகிறார்கள்.

இவ்வளவும் சரி. இங்கேயே ஒரு கல்லூரியைப் பார்க்கப் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஆசிரியர்களை முதலில் பாருங்கள். 2024இல், ஒரே ஆசிரியர் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரப் பணியாளராகக் கணக்குக் காட்டப்பட்டது வெளியாகி, அண்ணா பல்கலைக்கழகம் விசாரணை நடத்த வேண்டியதாயிற்று. ஆகவே இணையதளத்தில் உள்ள பெயர்ப் பட்டியலை நம்பாமல், "இந்த செமஸ்டரில் டேட்டா ஸ்ட்ரக்சர் யார் எடுக்கிறார்?" என்று ஓர் இரண்டாமாண்டு மாணவரிடம் கேளுங்கள். கடைசியாக அவர் எழுதிய நிரல் எது, அதை யார் படித்துப் பார்த்து என்ன குறை சொன்னார்கள் என்றும் கேளுங்கள். பிளேஸ்மென்ட் பலகையைப் பற்றிக் கேட்பதைவிட இது கூடுதலாகச் சொல்லும்.

பிறகு ஆய்வகம். வியாசர்பாடித் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் மகளோடு ஒரு கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்தார். குளிரூட்டப்பட்ட அறை, நூறு கணினி, எல்லாம் புதிது என்று மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் மட்டும், "கீபோர்டு மேல போட்ட பிளாஸ்டிக் உறையே இன்னும் கழட்டல சார், ஓடுற லேத்துக்கடியில சீவல் கிடக்கும்" என்றார். அந்தக் கல்லூரி அவர்களுடைய விருப்பப் பட்டியலில் பத்துப் பன்னிரண்டு இடம் கீழே இறங்கியது.

அரசுப் பள்ளியில் படித்தவர்களானால் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் வரும் இடத்துக்குக் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. எனவே கட்டணத்துக்குப் பயந்து நல்ல கல்லூரியைக் கீழே தள்ள வேண்டாம். இணையவழிக் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் சேர்க்கலாம். நேரில் பார்த்து வந்தவற்றை மேலே போடுங்கள், பெயரை மட்டும் கேள்விப்பட்டவற்றை அதன் கீழே போடுங்கள். பட்டியலைப் பூட்டும் கடைசி நாளுக்கு முந்தைய மாலையே பூட்டிவிடுங்கள், கடைசி நாளில் பிரவுசிங் சென்டர்களில் கூட்டம் தாங்காது.